மென்பொருள் வேலையிலிருந்து ஓய்வு: எதை ஒப்படைப்பது, எதை அழிப்பது?

கறுப்புத்திரை:

இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து ஓய்வு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னிய டெர்மினலில் தொடங்கினேன். இப்போது எந்தக் கட்டடத்தில் ஓடுகிறது என்றே தெரியாத கிளவுட் சர்வர்களில் வந்து நிற்கிறேன். வழியில் கற்ற மொழிகளும் கருவிகளும்: கோபால் (COBOL), சி, ஆரக்கிள், ஜாவா, நடுவில் பவர்பில்டர் என்று ஒன்று (கேள்விப்பட்டவர்கள் கை தூக்கவும்). "இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டதை எழுதுங்களேன்" என்று சிலர் கேட்டார்கள். இந்த மாதிரி அறிவுரைப் பட்டியல்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. "தொடர்ந்து படி, பணிவாக இரு" என்று எழுத ஒருவன் ஓய்வு பெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் ஒரே ஒரு விஷயம் மட்டும்.

இப்போது எனக்கு கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது அறிவு ஒப்படைப்பு) நடக்கிறது. என் மண்டையில் இருப்பதை இரண்டு இளைஞர்களிடம் மாற்றிவிட வேண்டுமாம். நல்ல பிள்ளைகள், கவனமாகக் கேட்கிறார்கள். ஒரு எக்ஸெல் ஷீட்டை நிரப்பிக்கொண்டே வருகிறார்கள். எந்த ஜாப் (தானாக ஓடும் வேலை) எத்தனை மணிக்கு ஓடும், எந்த சர்வரில், நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, திரும்ப ஓட்ட என்ன கமாண்ட். எல்லாம் "எப்படி". "ஏன்" என்று ஒரு நெடுவரிசை அந்த ஷீட்டில் கிடையாது.

ஒரு உதாரணம். இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்று, ஆரம்பத்திலேயே ஸ்லீப் 1200 என்று ஒரு வரி. 20 நிமிடம் சும்மா நின்றுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கும். பக்கத்தில் கமெண்ட் (விளக்கக் குறிப்பு) எதுவும் இல்லை. காரணம் என்னவென்றால், அந்தக் காலத்தில் இன்னொரு துறையின் சிஸ்டம் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் முறை) வழியாக ஒரு பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டிருக்கும். பாதி வந்த ஃபைலையே எங்கள் ஸ்கிரிப்ட் எடுத்துப் படித்துவிடும். வேறு பெயரில் அனுப்பி, முழுதும் வந்த பிறகு பெயரை மாற்றுங்கள் என்று கேட்டோம். எங்களால் முடியாது என்றார்கள். சரி, இருபது நிமிடம் பொறுத்து எடுப்போம் என்று முடிவானது. அந்தத் துறையின் சிஸ்டம் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இப்போது தரவு க்யூ (செய்திகள் ஒவ்வொன்றாக வரும் வரிசை) வழியாக வருகிறது. ஃபைலே கிடையாது. ஆனால் ஸ்கிரிப்ட் இன்றைக்கும் இருபது நிமிடம் நிற்கிறது.

பிள்ளைகள் ஷீட்டில் எழுதியது: "20 நிமிடம் காத்திருக்கும். மாற்ற வேண்டாம்." அந்த "மாற்ற வேண்டாம்" நான் சொன்னது இல்லை. அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் செய்கிறது என்பது அதில் இருக்காது. அதை எழுதி வைக்காமல் போனால் அடுத்து வருபவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

வேர்ப்பயனர்:

கை தூக்கிவிட்டேன். பவர்பில்டரின் டேட்டாவிண்டோ இன்னும் கனவில் வருகிறது.

அரைப்புள்ளி:

வாழ்த்துகள் சார். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு சந்தேகம். கிட் (நிரலின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) இருக்கிறதே, அதில் பிளேம் போட்டால் அந்த வரியை யார், எப்போது, எந்த கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) சேர்த்தார்கள் என்று வந்துவிடுமே? கமிட் மெசேஜில் காரணம் இருக்காதா? அப்புறம், அந்த ஸ்லீப்பை எடுத்துவிட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கறுப்புத்திரை:

கிட் வந்ததே 2005-இல் தம்பி. அதற்கு முன்னால் எங்கள் நிரல் அதே மாதிரிப் பழைய கருவியான சிவிஎஸ்ஸில் இருந்தது, பிறகு சப்வெர்ஷன், பிறகுதான் கிட். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் "பழைய வரலாறு எதற்கு, கடைசி வடிவத்தை மட்டும் ஏற்றிக்கொள்வோம்" என்று யாராவது சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் இன்றைக்கு பிளேம் போட்டால் பாதி வரிகளுக்கு மேல் ஒரே பெயர்தான் வருகிறது, "மைக்ரேஷன் யூசர்". மெசேஜ்: "இனிஷியல் இம்போர்ட்". அந்த யூசரைக் கண்டுபிடித்துத் தந்தால் நானே விருந்து வைக்கிறேன்.

மெசேஜ் இருக்கிற இடத்திலும் பெரும்பாலும் "பக் ஃபிக்ஸ்", "ரிவ்யூ கமெண்ட்ஸ்", இல்லையென்றால் ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) எண். அந்த டிக்கெட் இருந்த கருவியின் லைசென்ஸ் முடிந்து அதையும் அணைத்தாயிற்று. எண் மட்டும் கல்வெட்டு மாதிரி நிற்கிறது.

ஸ்லீப்பை இன்னும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் "அவர் எடுத்தார், அவருக்குத் தெரிந்திருக்கும்" என்று அதுவும் ஒரு புதிராகிவிடும். நான் இருக்கும்போதே அந்தப் பிள்ளைகளை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கமிட் மெசேஜில் முழுக் கதையையும் எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சோதனைக்காரி:

மன்னிக்கவும், இதை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. கால் நூற்றாண்டாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எழுதி வைத்தவை எல்லாம் கெட்டுப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் விக்கியில் (அலுவலகக் குறிப்புத் தளத்தில்) ஒரே விஷயத்துக்கு மூன்று பக்கம் இருக்கிறது, மூன்றும் மூன்று விதமாகச் சொல்கிறது. நிரல் மாறும், அதன் மேலே இருக்கிற கமெண்ட் மாறாது. காரணம் எழுதாமல் விட்டால் ஆள் பயந்து தேடுவான். தப்பான காரணம் எழுதியிருந்தால் தைரியமாகப் போய்க் குழியில் விழுவான்.

பொய்யாகிப் போனால் தானே கத்துகிற ஆவணம் ஒன்றே ஒன்றுதான், டெஸ்ட், அதாவது நிரலைத் தானாகச் சோதிக்கும் நிரல். உங்கள் ஸ்லீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாதி ஃபைல் வந்தால் படிக்கக் கூடாது" என்று அன்றைக்கே ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால், ஃபைலே இல்லாமல் போன அன்று டெஸ்டும் அர்த்தமிழந்து எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். வாழ்க்கைப் பாடம் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் "ஆவணம் எழுதுங்கள்" என்று வந்து நிற்கிறோமே என்றுதான் ஆதங்கம்.

நிரல்களை வைக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது நினைவிருக்கலாம். தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார்கள். பேக்கப்புக்கு ஐந்து வழிகள் இருப்பதாகக் காகிதத்தில் இருந்தது. தேவைப்பட்டபோது ஒன்றும் சரியாக உதவவில்லை. டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் வேறு வேறு என்பதால் அது சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஒருவர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல்தான் காப்பாற்றியது. அவர்களே இதை ஒளிக்காமல் வெளியில் எழுதினார்கள், அதற்கு ஒரு வணக்கம். பேக்கப் எடுக்கிறோம் என்று எழுதி வைப்பதால் ஒன்றும் ஆகாது. திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

கறுப்புத்திரை:

மேடம், விக்கியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். நான் கேட்பது விக்கி இல்லை. எந்த வரி புதிராக இருக்கிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு வாக்கியம். இல்லாவிட்டால் கமிட் மெசேஜில். கமிட் மெசேஜுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது கெட்டுப்போகாது. "இந்தத் தேதியில், இந்தக் காரணத்துக்காக" என்று சொல்கிறது. நாளைக்கு நிரல் மாறினாலும் அது அன்றைக்கு உண்மையாக இருந்தது உண்மைதானே.

டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். புறப்பட்டு 40 நொடிக்குள் திசை திரும்பிச் சிதறியது. 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட் (தசம) எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை என்ற அளவில் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். ராக்கெட்டின் நிலையைக் கணிக்கும் கருவியில் இருந்த அந்த நிரல், பழைய ராக்கெட்டான ஏரியான் 4-இலிருந்து வந்தது. அங்கே ஏழு மாறிகளுக்கு (நிரலில் மதிப்பு மாறும் எண்களுக்கு) இந்த ஆபத்து இருப்பதைப் பொறியாளர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்புப் போட்டு மூன்றை வேண்டுமென்றேதான் விட்டார்கள். பிராசஸரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. ஏரியான் 4 போகும் பாதையில் அந்த மூன்றும் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பும் இல்லை. அந்த ராக்கெட்டுக்கு அது சரியான முடிவு. ஆனால் ஏன் விட்டோம் என்பதற்கு நிரலுக்குள் நேரடியாக எந்தக் குறிப்பும் இல்லை என்பதை விசாரணைக் குழு தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிழை வந்த அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையில்லாதது. கவுண்ட்டவுன் நடுவில் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக, பழைய ராக்கெட்டில் கிளம்பிய பின்னும் 40 நொடி ஓடவிட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டில் அந்தத் தேவையே கிடையாது. ஒழுங்காக ஓடுவதைத் தொடாதே என்று அப்படியே விட்டார்கள். ஸ்லீப் 1200-க்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

புதிய ராக்கெட்டின் பாதைத் தரவைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவும் இல்லை. அதனால் டெஸ்ட் வேண்டும் என்ற உங்கள் பக்கமும் நியாயம்தான். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றவே, முதலில் அந்த மூன்று மாறிகளின் கதை தெரிந்திருக்க வேண்டுமே?

சோதனைக்காரி:

கதை தெரிந்தால்தான் சோதிப்பேன் என்று எந்தச் சோதனைக்காரியும் உட்கார்ந்திருக்க மாட்டாள். உண்மையான பாதைத் தரவை ஏற்றி ஓட்டியிருந்தால் காரணம் தெரியாமலே பிழை வெளியே வந்திருக்கும். ஒரே விபத்திலிருந்து நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்கள், நான் ஒன்றை. கமிட் மெசேஜ் பற்றிச் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அது தேதியோடு நிற்கிறது, சரி.

நள்ளிரவு_மணி:

சிஸ்டம் நின்றால் அடிக்கும் ஆன்கால் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவன் நான். அண்ணா, தலைப்பில் "எதை அழிப்பது" என்று போட்டுவிட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஓய்வு பெறப்போகிற பெரியவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான், போவதற்கு முன்னால் அழித்துவிட்டுப் போங்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு அழிக்கத் தைரியம் வராது, நடுவில் இருக்கிற என் மாதிரி ஆளுக்கு நேரம் கிடைக்காது. எது செத்த நிரல், எது தூங்குகிற நிரல் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது. பங்குச்சந்தை ஆர்டர்களை அனுப்பும் அவர்களுடைய நிரலுக்குள் 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு செயல்பாடு அப்படியே கிடந்தது. புதிய வசதிக்காக நிரல் எழுதியவர்கள் அந்தப் பழைய செயல்பாட்டின் ஃப்ளாக்கையே (அதை இயக்கும் சுவிட்சையே) மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரல் போனது, ஒன்றுக்குப் போகவில்லை. சந்தை திறந்ததும் அந்த ஃப்ளாக் உயிர்பெற்றது. ஏழு சர்வர் புதிய வேலையைச் செய்தது. எட்டாவது எழுந்து உட்கார்ந்து, ஒன்பது வருடத்துக்கு முன்னால் விட்ட வேலையைத் தொடர்ந்தது. ஆர்டர் நிறைவேறிவிட்டது, போதும் நிறுத்து என்று சொல்லும் பகுதியை இடையில் 2005-இல் வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்ததால் அது நிற்கவே இல்லை. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிலைமையைச் சரி செய்ய அவர்கள் எடுத்த முதல் முயற்சியில், மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அதனால் எட்டும் பழையதை ஓட்டத் தொடங்கின. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த அறையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

2003-இலேயே யாராவது அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருந்தால் இது இல்லை. பதவி உயர்வுப் படிவத்தில் "இத்தனை ஆயிரம் வரி நீக்கினேன்" என்று எழுத இடம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

வேர்ப்பயனர்:

நீக்கினால் வரி எண்ணிக்கை மைனஸில் வரும், அவ்வருட ஊக்கத்தொகையும் மைனஸில் வரும்.

பஞ்ச்கார்டு:

நான் உங்கள் எல்லோரையும் விட மூத்தவன். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. கறுப்புத்திரை சொல்வதில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஒரு பஞ்ச் கார்டில் (துளையிட்டுத் தரவைப் பதிந்த அட்டையில்) 80 பத்தி, ஒரு பத்திக்கு ஒரு எழுத்து. அதற்குள் பெயர், எண், தொகை, தேதி எல்லாம் அடங்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்றால் இரண்டு பத்தி மிச்சம். கார்டு போய் டேப், டிஸ்க் என்று வந்த பிறகும் சேமிப்பகம் விலை கூடியதாகவே இருந்ததால் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது பத்திரிகைகளில் எங்களைத் தொலைநோக்கு இல்லாத முட்டாள்கள் மாதிரி எழுதினார்கள். அன்றைக்கு நான்கு இலக்கம் போட்டவனைத்தான் மேலதிகாரி கூப்பிட்டு ஏன் இடத்தை வீணாக்குகிறாய் என்று கேட்டிருப்பார். நிரல் எழுதியவர்களும் அது 30 வருடம் ஓடும் என்று நினைத்து எழுதவில்லை. ஓடியது. அதுதான் சிக்கல். தற்காலிகம் என்று நீங்கள் எழுதுவதுதான் அதிக நாள் நிற்கும்.

பழைய ஆட்களைத் தேடி அழைத்தார்கள் அப்போது. பிறகு 2020 ஏப்ரலிலும் பார்த்தேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர், கோபால் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பொதுவில் கேட்டார். பெருந்தொற்றில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து பழைய அமைப்புகள் திணறிக்கொண்டிருந்த நேரம். 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய மொழி. ஆகவே "இனி என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் சில வாரம் பிரமாதம். அப்புறம் ஒரு சங்கடம் வரும். நமக்குத் தெரிந்த சர்வர் பெயர்கள், பிழை எண்கள், எந்த டேபிளில் எந்த நெடுவரிசை என்ற கணக்கெல்லாம் தலைக்குள் அப்படியே இருக்கும், கேட்க ஆள் இருக்காது. புதிதாக ஏதாவது ஒன்றை அடிமட்டத்திலிருந்து கற்கத் தொடங்குங்கள். நான் கடிகாரம் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதில் அண்டூ கிடையாது. தெறித்து விழுந்த ஸ்பிரிங்கை முட்டி போட்டுத் தேட வேண்டியதுதான்.

வேர்ப்பயனர்:

அப்படியே 2038 ஜனவரி 19-ஐயும் காலண்டரில் குறித்து வையுங்கள் ஐயா. யுடிசி (உலகப் பொது) நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. 1970-இலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கிற கருவிகளுக்கெல்லாம் எண் நிரம்பி மைனஸுக்குத் திரும்பிவிடும், அடுத்த நொடி 1901-ஆம் வருடம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் 5.6 பதிப்பிலேயே 32 பிட் கணினிகளுக்கும் வழி செய்துவிட்டார்கள். ஆனால் எங்கோ ஒரு சுவருக்குள் பத்து வருடமாக அப்டேட் பார்க்காத கன்ட்ரோலர் இருக்குமே, அது யாருடைய தலையில் விடியுமோ. அன்றைக்கு என் போன் அணைந்திருக்கும்.

அரைப்புள்ளி:

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது, சுவாரசியமாகவும் இருக்கிறது. இரண்டு கேள்வி சார். நீங்கள் கற்றதில் எது கடைசி வரை உதவியது? எதற்குச் செலவழித்த நேரம் வீண்? அப்புறம், இப்போது ஏஐ கருவியிடம் கொடுத்தால் பழைய நிரலை வரி வரியாக விளக்கிவிடுகிறது. கேடியே இனிமேல் தேவைப்படாது என்று எங்கள் டீம் லீட் சொல்கிறார். உண்மையா?

கறுப்புத்திரை:

உதவியது என்றால் முதலில் எஸ்க்யூஎல், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. காட் என்பவர் 1970-இல் முன்வைத்த அட்டவணைச் சிந்தனையின் மேல் கட்டியது. நான் கற்ற அன்றைக்கு எழுதிய செலக்ட் வாக்கியம் இன்றைக்கும் ஓடுகிறது. அப்புறம் யூனிக்ஸ் கமாண்ட் லைன். சொல்லைத் தேடும் கிரெப்பும் கமாண்டுகளைக் கோக்கும் பைப்பும் எழுபதுகளில் வந்தவை, போன வாரம்கூட அவைதான் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தந்தன. டிசிபி/ஐபி (கணினிகள் இணையத்தில் பேசும் விதிகள்) எப்படி வேலை செய்கிறது என்பது, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று அதற்கு மாறியது முதல் பெரிதாக மாறவில்லை. பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) எங்கே தொலைகிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு எந்தக் கம்பெனியிலும் மரியாதை உண்டு.

வீண் என்று எதையும் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆயுள் குறைந்தவை என்றால், திரையில் தெரிகிற பகுதிக்கான கருவிகள் பெரும்பாலும் அப்படித்தான். பவர்பில்டரில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன், அந்தப் பெயரை வைத்து இன்றைக்கு ஒரு தேநீர்கூட வாங்க முடியாது. வலைத்தள அசைபடங்களுக்கான ஃப்ளாஷ் 2020 கடைசியோடு முடிந்தது, அதில் எத்தனை பேருடைய திறமை போயிற்று. கற்காதே என்று சொல்லவில்லை, சம்பளம் அதில்தான் வரும். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதையும் கூடவே கொஞ்சம் பார்த்து வை.

ஏஐ பற்றி. எங்கள் பிள்ளைகள் அந்த ஸ்கிரிப்ட்டை ஒரு கருவியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அழகாக விளக்கியது. "இந்த வரி 1200 நொடி, அதாவது 20 நிமிடம் செயல்பாட்டை நிறுத்தி வைக்கிறது. சார்ந்திருக்கும் சேவைகள் தயாராவதற்காக இருக்கலாம்" என்றது. அந்த "இருக்கலாம்" இருக்கிறதே, அதைத்தான் நான் சொல்கிறேன். மோசமான ஊகம் இல்லை, நானே புதிதாகப் பார்த்தால் அதைத்தான் சொல்வேன். எஃப்டிபி, அந்தத் துறை மறுத்தது, இதெல்லாம் அந்த நிரலில் எங்கே இருக்கிறது, அது படிப்பதற்கு? உன் டீம் லீட் சொல்வதை இப்படித் திருப்பிப் பார்: காரணங்களை எழுதி வைத்திருந்தால் இந்தக் கருவிகள் அவற்றையும் படித்துக்கொள்ளும். அப்போது கேடிக்குப் பாதி நேரம் போதும்.

நீலத்திரை:

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும்.

நிதானமாக கேடி கொடுத்து, கேக் வெட்டி ஓய்வு பெறுவது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எனக்கு 48 வயதில் ஒரு வீடியோ கால் வந்தது. பத்து நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் லாக் ஆகிவிட்டது. பதினாறு வருடம் வேலை பார்த்த இடம். எனக்குத் தெரிந்ததை யாரிடமும் கொடுக்க முடியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்படி நடத்துகிற இடத்துக்கு நான் ஏன் உட்கார்ந்து காரணம் எழுதி வைக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தது மட்டும்தான் எனக்கு இருந்த பாதுகாப்பு. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் ஐந்து வருடம் முன்பே அனுப்பியிருப்பார்கள்.

கறுப்புத்திரை:

நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கிடைத்த முடிவு எனக்குக் கிடைத்தது. அதில் திறமையை விட நேரமும் இடமும் அதிகம். கம்பெனிக்கு விசுவாசமாக எழுதி வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுப் பார்க்கிறேன். தெரிந்ததை உள்ளே வைத்திருந்தது அவர்களைத் தடுத்ததா? முடிவெடுக்கிறவர்கள் எக்ஸெல்லில் பெயரையும் சம்பளத்தையும்தான் பார்க்கிறார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் எது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நீலத்திரை:

தடுக்கவில்லைதான். ஆனாலும் மூன்று மாதம் கழித்து அங்கிருந்து ஒருவர் போன் செய்து "அந்த மாதக் கடைசி ரிப்போர்ட் எப்படி ஓட்டுவது" என்று கேட்டபோது, பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. சொல்லிக் கொடுக்கவில்லை.

நள்ளிரவு_மணி:

அந்தப் போன் செய்த ஆள் என் மாதிரி ஒருவனாக இருந்திருப்பான், அவ்வளவுதான் வருத்தம். முடிவெடுத்தவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பார். உங்கள் கோபம் நியாயம், அதில் மறுப்பே இல்லை.

சோதனைக்காரி:

எனக்கும் இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. தத்துவம் போதும். கறுப்புத்திரை, உங்கள் கேடியில் யாருமே யோசிக்காமல் கடைசி நேரத்தில் தட்டுப்பட்டது என்ன? நடைமுறையில் உதவுகிற மாதிரி சொல்லுங்கள்.

கறுப்புத்திரை:

என் பெயர். என் பெயர் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

கடைசி நாள் மாலை எச்ஆர் என் அக்கவுண்டை அணைக்கும். அணைத்த நிமிடத்திலிருந்து என் யூசர் ஐடியில் ஓடுகிற எல்லாமும் நிற்கும். எப்போதோ அவசரத்துக்கு என் கிரான்டேபில் (நேரப்படி ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலில்) போட்ட ஜாப்கள் இருந்தன. சில ரிப்போர்ட்டுகள் என் தரவுத்தளப் பாஸ்வேர்டில் ஓடிக்கொண்டிருந்தன. இன்னொரு கம்பெனியின் சர்வருக்குப் போகிற எஸ்எஸ்எச் (பாதுகாப்பான உள்நுழைவு) சாவி என்னுடையது. கொடுமை என்னவென்றால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது, டொமைனைப் புதுப்பிக்க வேண்டும் என்று வருகிற எச்சரிக்கைகள் எல்லாம் என் மின்னஞ்சலுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. நான் போன பிறகு அவை யாருக்கும் போகாது. ஒரு நாள் காலையில் தளம் திறக்காது, அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை ஓடுகிற ஜாப் இன்னும் மோசம், அது நின்றது தெரியவே வருடக் கடைசி ஆகிவிடும்.

அதனால் நான் செய்தது, அக்கவுண்டைக் கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல், நான் இருக்கும்போதே இரண்டு வாரம் முன்னால் தற்காலிகமாக அணைக்கச் சொன்னேன். செக்யூரிட்டி டீம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான்கு விஷயம் உடைந்தது. அதில் இரண்டு எனக்கே நினைவில் இல்லாதவை. மேடம், இது உங்கள் கட்சிதான்: எழுதி வைத்த பட்டியலில் இல்லாதது சோதித்ததில் வந்தது.

சோதனைக்காரி:

ஆக, கடைசியில் டெஸ்ட்தான் பிடித்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நள்ளிரவு_மணி:

இதைப் படித்துவிட்டு இப்போதே புரொடக்‌ஷன் சர்வரில் தேடினேன். வேலையை விட்டுப் போன ஒருவருடைய ஐடியில் இன்னும் ஒரு கிரான் ஓடுகிறது. அக்கவுண்டை அணைத்திருக்கிறார்கள், ஆனால் லாகின் ஷெல்லை (உள்நுழைந்ததும் திறக்கும் நிரலை) மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள் போல, கிரான் கண்டுகொள்ளவே இல்லை. தினமும் ஒரு டைரக்டரியைச் சுத்தம் செய்கிறது. இதை சர்வீஸ் அக்கவுண்டுக்கு (எந்த ஆளுடைய பெயரிலும் இல்லாத அக்கவுண்டுக்கு) மாற்றலாமா, நேராக நிறுத்திவிடலாமா?

கறுப்புத்திரை:

முதலில் அந்த டைரக்டரியில் யார் எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் பார். யாரும் எழுதவில்லை என்றால் நிறுத்து, அழித்துவிடாதே, அந்த வரியை ஓடாத கமெண்டாக மாற்றி வை. எழுதுகிறார்கள் என்றால் சர்வீஸ் அக்கவுண்டுக்கு மாற்று. ஆனால் ஃபைல்களின் ஓனர் அந்தப் பழைய ஐடியாக இருக்கும், பர்மிஷனில் மாட்டும், அதையும் சேர்த்து மாற்று. வெள்ளிக்கிழமை மாலை செய்யாதே. செய்த பிறகு கிரான்டேபில் மேலே இரண்டு வரி எழுதிவிடு.

வேர்ப்பயனர்:

கிரான்டேபையே கிட்டில் போட்டுவிடு. மெசேஜ் "பக் ஃபிக்ஸ்" என்று போட்டால் இந்த இழையை உனக்கு அனுப்பி வைப்பேன்.